மனு வென்றது, உரிமை தோற்றது: ஏழாயிரம்பண்ணை வட்டாரமும் 1801-ஆம் ஆண்டுப் பிரகடனமும்

வரி அதிகம் என்று முறையிடுவது ஒரு நிலை. வரி கேட்க உனக்கு உரிமையே இல்லை என்பது முற்றிலும் வேறொரு நிலை. முதல் நிலையில் நின்றவர்கள் எப்போது, எதனால் இரண்டாவதற்கு நகர்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தென்பாண்டிச் சீமையில் அந்த நகர்வு 1798-க்கும் 1801-க்கும் இடைப்பட்ட மூன்றே ஆண்டுகளில் நடந்தது. பட்டாசுத் தொழிலால் இன்று அறியப்படும் தாயில்பட்டி வட்டாரத்துக்கும் அதில் இடமுண்டு. அவ்வட்டாரத்து ஏழாயிரம்பண்ணை அன்று ஒரு பாளையம். 1799-இல் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) பறிமுதல் செய்த பாளையங்கள் ஆறு: பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர், ஏழாயிரம்பண்ணை.

மனுக்கள் தோற்றதால் கலகம் பிறந்தது என்பதே வழக்கமான விளக்கம். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. இங்கே மனு வென்றது. வென்ற பிறகும் எதுவும் மாறாததுதான் திருப்பத்தைக் கொண்டுவந்தது.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி கடனில் மூழ்கியிருந்தார். அதைப் பயன்படுத்தி 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியாகப் பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் எனும் கப்பத்தை வசூலிக்கும் அதிகாரத்தைக் கும்பினி பெற்றது. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் காரன்வாலிஸ். 1781-இல் யார்க்டவுனில் அமெரிக்கக் குடியேற்றவாசிகளிடம் சரணடைந்த அதே தளபதிதான் இவர். அமெரிக்காவில் வரியால் நாட்டை இழந்த ஆட்சி இங்கே வரியை முன்வைத்து நாட்டைப் பிடித்ததைத் தனித்தனி வரலாறுகளாகப் படிப்பது நம் பாடத்திட்டங்களின் குறை. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் இந்தக் கும்பினியின் சரக்கே.

1798 மே மாத முடிவில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் செலுத்த வேண்டிய நிலுவை 3310 பகோடா என்பது கும்பினிக் கணக்கு. கலெக்டர் ஜாக்சன் அவரை நேரில் வரச் சொன்னார். வந்தவரைச் சந்திக்காமல் ஊர் ஊராக அலையவிட்டார். குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர், பேரையூர், பாவாலி, பள்ளிமடை, கமுதி என்று நீண்ட அந்த வழியில் ஒரு பகுதி இன்றைய விருதுநகர் மாவட்டத்து மண். செப்டம்பரில் இராமநாதபுரம் கோட்டையில் பேட்டி கிடைத்தபோது நிலுவை 1080 பகோடாவாகக் குறைந்திருந்தது. பெரும்பகுதியைச் செலுத்திவிட்டு வந்தவர் அவர். ஆனாலும் நிற்க வைத்தே விசாரித்தார்கள். கைது முயற்சியில் கைகலப்பு மூண்டு லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். கட்டபொம்மனின் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் அந்தக் கோட்டைக் காட்சியை நம் நினைவில் பதித்தது. நாம் அங்கேயே நின்றுவிட்டோம். அடுத்து நடந்ததுதான் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது. கட்டபொம்மன் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவுக்கு முறையீடு அனுப்பினார். வில்லியம் பிரவுன், ஓரம், காசாமேஜர் ஆகியோரைக் கொண்ட குழு டிசம்பரில் விசாரித்தது. கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்றது. பிள்ளை விடுதலையானார். ஜாக்சன் பதவி இழந்தார். ஒரு பாளையக்காரர் கேட்கக்கூடிய நியாயம் இதைவிட என்ன இருக்கிறது?

இருக்கிறது. ஜாக்சன் போனார், புதிய கலெக்டராக லஷிங்டன் வந்தார், கிஸ்தி எனும் வரி கேட்கும் உரிமை அப்படியே இருந்தது. விசாரித்தவர்களும் தீர்ப்புச் சொன்னவர்களும் பணம் கேட்டவர்களும் ஒரே கும்பினியின் ஆட்கள். அதிகாரியின் ஆணவத்துக்கு அங்கே பரிகாரம் கிடைக்கும், அதிகாரத்துக்குக் கிடைக்காது. கட்டபொம்மனின் பணிவெல்லாம் படை திரட்ட அவகாசம் தேடிய உபாயமே என்று ஒருவர் மறுக்கலாம். அப்படியென்றால் நிலுவையில் மூன்றில் இரண்டு பங்கை ஏன் கட்ட வேண்டும்? 1798 வரை அவர் அந்த ஒழுங்குக்குள் நின்றே நியாயம் கேட்டார் என்பதே என் முடிவு.

1799-இல் காட்சி மாறியது. சிவகங்கையின் மருது சகோதரர்களும் திண்டுக்கல் கோபால நாயக்கரும் கூட்டணி அமைத்தார்கள். ஏழாயிரம்பண்ணை போன்ற சிறு பாளையங்கள் பாஞ்சாலங்குறிச்சியின் பக்கம் சேர்ந்தன. செப்டம்பரில் கும்பினியின் மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. அக்டோபரில் மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து, அவர்கள் கண்முன் விசாரணை நடத்தி, கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு பிறந்தது.

1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து இடிந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார். மே மாதம் அது வீழ்ந்ததும் மருது சகோதரர்களிடம் அடைக்கலம் புகுந்தார். ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் சின்ன மருதுவின் பிரகடனம் ஒட்டப்பட்டது. மூன்றாண்டுக்கு முந்தைய மனு மேல்நோக்கிக் கவர்னரிடம் பேசியது. இதுவோ எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் கும்பினிப் படையில் இருந்த சிப்பாய்களையும் பார்த்துப் பேசியது. எவ்வளவு வரி நியாயம் என்ற பேச்சே அதில் இல்லை. ஐரோப்பியரை வெளியேற்றுவது ஒன்றே கோரிக்கை. எதிர்ப்பு விடுதலைக் கோரிக்கையாக மாறிய இடம் இதுதான்.

அமெரிக்கரின் பாதை வேறு. 1775-இல் அவர்கள் அனுப்பிய சமாதான மனுவை மூன்றாம் ஜார்ஜ் வாங்கவே மறுத்தார். ஓராண்டுக்குள் சுதந்திரப் பிரகடனம் வந்தது. அவர்களிடம் சட்டமன்றங்கள் இருந்தன, பதின்மூன்று குடியேற்றங்களும் கூடிப் பேசும் காங்கிரஸ் இருந்தது. இங்கே உறவும் பகையும்தான் அணிகளைத் தீர்மானித்தன. எட்டயபுரம் கும்பினி பக்கம் நின்றது; கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். மருதுவின் பிரகடனம் அவரவர் நாட்டை அவரவர்க்கு மீட்டுத் தருவதைப் பேசியதே தவிர, மக்கள் தாமே ஆள்வதைப் பேசவில்லை. தோல்விக்குப் படைபலம் மட்டுமே காரணம் என்று நான் கருதாததற்கு இதுவே அடிப்படை.

1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரை கொல்லப்பட்டார். மறு ஆண்டு 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1803-இல் எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின.

கால்டுவெல் தம் 1881-ஆம் ஆண்டுத் திருநெல்வேலி வரலாற்றில் இதைக் கலகம் அடங்கி ஒழுங்கு நிலைத்த கதையாகப் பார்த்தார். கே. ராஜய்யன் 1971-இல் இதை முதல் விடுதலைப் போர் என்றார். நான் ராஜய்யன் பக்கம் நிற்கிறேன், ஒரு திருத்தத்தோடு: அந்தப் பெயர் 1801-க்குப் பொருந்தும், 1798-க்குப் பொருந்தாது. பெரும் பாளையங்களை வைத்தே இருவரும் எழுதினார்கள். ஏழாயிரம்பண்ணையில் கிஸ்தி எவ்வளவு, யார் யார் ஆயுதம் எடுத்தார்கள், பறிமுதலுக்குப் பின் குடிகள் என்ன ஆனார்கள் என்று ஊரளவில் எழுதப்பட வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அக்காலத்து வருவாய், ராணுவ நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன. சாத்தூர், சிவகாசிக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்களில் ஒருவராவது முனைவர் பட்டத்துக்கு இந்தப் பாளையத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.