பக்கத்து வீட்டுல என்ன ரேட்டு?

ஆம்பூர்னா நமக்குப் பிரியாணி, வெளிநாட்டுக் கடைகளுக்குத் தோல் ஷூ. அந்த ஷூவோட மேல்பாகத்தை, அதாவது அப்பரை, கையால தைக்கிற வேலையில ஒரு பகுதி கம்பெனிக்குள்ள நடக்கறதில்லை. ஏஜென்ட் கொண்டுவந்து கொடுப்பார். பெண்கள் வீட்டுல உட்கார்ந்து தைப்பாங்க. ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி.

நான் ஃப்ரீலான்ஸ் எடிட்டர். எனக்குப் பக்கத்துக்கு இவ்வளவு. அவங்க கஷ்டமும் என் கஷ்டமும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தனியா இருந்தா பேரம் பேச முடியாதுங்கறது ரெண்டு பேருக்கும் பொருந்தும்.

இப்படிச் சிதறிக் கிடக்கறவங்க சங்கம் வைக்க முடியுமா? 1972ல அகமதாபாத்ல இந்தக் கேள்வி வந்தது. இலா பட், தெருவுல விக்கிற, வீட்டுல வேலை செய்யற பெண்களுக்காக 'சேவா' சங்கத்தைப் பதிவு பண்ணப் போனாங்க. முதலாளியே இல்லாதப்போ யாரை எதிர்த்துச் சங்கம்னு தொழிலாளர் துறை தயங்கியது. சங்கம் ஒருத்தரை எதிர்க்கறதுக்கு மட்டுமில்லை, தொழிலாளிகள் ஒண்ணு சேர்றதுக்குன்னு அவங்க வாதாடினாங்க. அந்த வருஷமே பதிவாச்சு.

1996ல சர்வதேச தொழிலாளர் அமைப்பு, வீட்டிலிருந்து வேலை செய்யறவங்களுக்காகவே 177ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. சங்கம் சேர்ற உரிமை, கூலி, சமூகப் பாதுகாப்பு எல்லாத்துலயும் மத்தத் தொழிலாளிகளுக்குச் சமமா நடத்தணும்னு அது சொல்லுது. அந்தப் பட்டியல்ல பயிற்சியும் இருக்கு. தனியா வேலை செய்யறவங்களுக்குத் தப்பைச் சுட்டிக்காட்ட சீனியர் கிடையாதே! இந்தியா இதை இன்னும் ஏற்கலை.

அதுவரைக்கும் காத்திருக்க வேணாம். உங்களுக்குத் தெரிஞ்ச இன்னொரு எடிட்டரை இன்னைக்கே கூப்பிட்டு, பக்கத்துக்கு எவ்வளவு வாங்கறீங்கன்னு கேளுங்க. உங்க ரேட்டையும் சொல்லுங்க.