பாஞ்சாலங்குறிச்சி: இரு மோதல்களுக்கு இடைப்பட்ட ஓராண்டு

வீரபாண்டியக் கட்டபொம்மன் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சிகள் இரண்டு. ஒன்று, இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனை எதிர்த்து நின்றது; மற்றொன்று, கயத்தாற்றுப் புளியமரம். நாட்டுப்புறக் கதைப்பாடல்களும் 1959இல் வெளிவந்த திரைப்படமும் இவ்விரண்டையும் தமிழகமெங்கும் பரப்பின. ஆனால் இவற்றிற்கு இடையே ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் உண்டு. அதிற் பெரும்பகுதி பெரும்போர் நிகழாத காலம். சமாதானம் என்றும் சொல்ல இயலாத, போர் என்றும் சொல்ல இயலாத அந்த இடைக்காலம் ஏன் நிலைபெறவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெல்லைச் சீமை இயல்பாகவே இருவகை நிலங்களைக் கொண்டது. பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலருகே கடலோடு கலக்கும் தாமிரபரணி, இரு பருவமழைகளாலும் நீர் பெறுவது. ஆதலால் அதன் கரையோர வயல்களில் காரும் பிசானமும் என இருபோகம் விளைந்தது. பாளையங்களோ மேற்கே மலையடிவாரத்திலும் வடகிழக்கே கரிசற் காட்டிலும் பரவிக் கிடந்தன. பாஞ்சாலங்குறிச்சி கரிசல் நிலத்தைச் சார்ந்தது; வானம் பார்த்த பூமி. பாளையக்காரர் தம் எல்லைக்கு வெளியேயுள்ள ஊர்களிலும் தேசகாவல் என்னும் பெயரிற் காவற்கூலி பெற்றுவந்தனர். 1792ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால், பாளையங்களிலிருந்து கப்பம் வாங்கும் உரிமை கும்பினியாரிடம் வந்தது. கும்பினியாரின் பார்வையில் பாளையக்காரர் வரி செலுத்தக் கடமைப்பட்டவர். தம் பார்வையிலோ அவர் சீமையை ஆளும் உரிமையுடையவர். பூசல் அனைத்திற்கும் வேர் இம்முரண்பாடே.

1798இல் பாஞ்சாலங்குறிச்சியின் கப்பப் பாக்கி 3310 வராகன் எனக் கணக்கிடப்பட்டது. படை அனுப்ப ஜாக்சன் விரும்பினார். சென்னை அரசு இசையவில்லை. எனவே அவர் கட்டபொம்மனை நேரில் வருமாறு ஆணையிட்டார். குற்றாலத்திலும் திருவில்லிபுத்தூரிலும் காண முயன்றும் பேட்டி கிட்டவில்லை. முடிவில் செப்டம்பர் மாதம் இராமநாதபுரத்தில் சந்திப்பு நிகழ்ந்தது. கணக்கைச் சரிபார்த்தபோது எஞ்சிய பாக்கி 1080 வராகனே என்று தெரிந்தது. கணக்கு ஏறக்குறையத் தீர்ந்தும் பிணக்குத் தீரவில்லை. கோட்டை வாயிலில் எழுந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். ஊமைத்துரையின் துணையுடன் கட்டபொம்மன் தப்பிச் சென்றார்.

இதற்குப் பின் நிகழ்ந்தது நம் கவனத்திற்குரியது. உடனே போர் மூளவில்லை. சென்னை அரசு பிரவுன், ஓரம், காசாமேஜர் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. டிசம்பரில் கட்டபொம்மன் அதன்முன் தோன்றினார். குழு அவர் குற்றமற்றவர் எனக் கண்டது; ஜாக்சன் பதவி இழந்தார்; சிவசுப்பிரமணிய பிள்ளை விடுதலை பெற்றார்; லூஷிங்டன் புதிய கலெக்டரானார். தன் அதிகாரியின் பிழையைக் கும்பினியே ஒப்புக்கொண்ட அரிய தருணம் இது.

எனினும் இத்தீர்ப்பு ஒரு நாள் நிகழ்ச்சிக்கு மட்டுமே விடை கூறியது. தேசகாவல் யாருக்குரியது, மழை பொய்த்த ஆண்டிற் கப்பம் என்னாவது, பாளையக்காரர் அரசரா குடியா என்ற வினாக்கள் தொடப்படவேயில்லை. நடுவராக அமர்ந்தவரும் வழக்கில் ஒரு தரப்பினரே என்பதையும் மறத்தற்கில்லை. 1799 மார்ச்சில் லூஷிங்டன் பாளையங்கோட்டைக்கு அழைத்தபோது, கடும் வறட்சியைச் சுட்டி வர இயலாமையைக் கட்டபொம்மன் தெரிவித்தார். இராமநாதபுரத்திற் பறிபோன பொருள்களைத் திருப்பித் தருமாறும் கேட்டார். ஒருவர் கீழ்ப்படிதலை எதிர்பார்த்தார். மற்றவர் முதலில் நியாயத்தை எதிர்பார்த்தார். ஆற்றங்கரைப் பாளையங்கோட்டையிலிருந்து நோக்குவோர்க்கு வறட்சி ஒரு சாக்காகத் தோன்றியிருக்கலாம். கரிசற் காட்டில் அது வாழ்வா சாவா என்னும் வினா.

இரு தரப்பும் இந்த ஓய்வைத் தத்தம் வலிமை பெருக்கவே பயன்படுத்தின. மருது சகோதரர்களின் முயற்சியால் உருவாகிவந்த பாளையக்காரர் கூட்டிற் பாஞ்சாலங்குறிச்சியும் இணைந்தது. கூட்டிற் சேர மறுத்த சிவகிரியின் மீது கட்டபொம்மன் படையெடுத்தார். சிவகிரி கும்பினிக்குக் கப்பம் கட்டும் பாளையமாதலின், அதனைத் தம்மீதான அறைகூவலாகவே கும்பினியார் கொண்டனர். எட்டயபுரமோ முன்பே கும்பினிப் பக்கம் நின்றது. ஆகவே இது வெள்ளையர்க்கும் தமிழகத்தார்க்கும் இடையிலான போர் மட்டுமன்று. பாளையங்கள் தமக்குள்ளேயே பிளவுண்ட உள்நாட்டுப் பூசலுமாகும்.

கும்பினியின் பொறுமைக்கும் ஒரு காரணம் இருந்தது. அதன் படைவலி அப்போது மைசூர்ப் போரில் ஈடுபட்டிருந்தது. 1799 மே 4இல் திப்பு சுல்தான் வீழ்ந்து சீரங்கப்பட்டணம் பிடிபட்டதும் அக்காரணம் மறைந்தது. படைகள் நெல்லை நோக்கித் திரும்பின. செப்டம்பர் 4ஆம் நாள் பாளையங்கோட்டைக்கு வருமாறு மேஜர் பானர்மன் இறுதி ஆணை விடுத்தார்; மறுநாளே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தாக்கப்பட்டது. சிவசுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் கொல்லப்பட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக்கொடுத்த கட்டபொம்மன், அக்டோபர் மாத நடுவில், கூட்டப்பட்ட பாளையக்காரர்கள் முன்னிலையில் விசாரிக்கப்பட்டுக் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

அத்துடனும் அமைதி வரவில்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினார். இடிக்கப்பட்ட கோட்டை சில நாள்களில் மீண்டும் எழுந்தது. மார்ச் 31இல் அதனைத் தாக்கிய கும்பினிப் படை தோற்றுப் பின்வாங்கியது. மே 24இல்தான் கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் தூக்குமேடை கண்டனர்.

1798 டிசம்பரில் உண்மையான உடன்பாடு ஒன்று ஏற்பட்டிருந்தால் இவ்வுயிர்கள் தப்பியிருக்குமா என உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் அவ்வாய்ப்பு ஒருமுறை வந்தது என்பதும், தீர்ப்பு எழுதியவர்கள் பூசலின் வேரைத் தொடாமலே எழுந்து சென்றனர் என்பதும் வரலாறு. வீரத்தைப் பாடும் நாம், வீணாகிப்போன அந்த மாதங்களையும் நம் எழுத்தில் பதிவுசெய்தல் வேண்டும்.