ட்ரம்பூயி எண்டால் என்ன?

வெஸ்ட் ஈலிங்கில், அக்ஸ்பிரிட்ஜ் வீதிக் கரையில் இருந்த ஒரு மதுபானக் கடையில் நான் வேலை செய்த காலம். ஊரிலிருந்து வந்த எங்கட ஆட்கள் கனபேருக்கு லண்டன் தொடங்கியது இப்படிக் கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும்தான். ஒரு பின்னேரம் ஒரு கிழவர் வந்து ஏதோ கேட்டார். எனக்கு விளங்கியது "ட்ரம் பூ". ட்ரம் எண்டால் மேளம், பூ எண்டால் பூ. முழுசிக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துப்போட்டு என் முதுகுக்குப் பின்னால் இருந்த தட்டைக் காட்டினார். ட்ரம்பூயி.

வெள்ளைக்காரருக்கும் அந்தப் பெயர் வாயில் லேசாக வராது. சிலர் "ட்ரம்பியூயி" என்பார்கள். ஆங்கில அகராதியைப் பார்த்தால் விஸ்கியில் செய்த இனிப்பு மது, வர்த்தகப் பெயர் என்ற அளவோடு அர்த்தம் முடிந்துவிடும். தனியாகக் குடிக்கிறவர்கள் குறைவு. ஸ்கொட்ச் விஸ்கியோடு கலந்து "ரஸ்டி நெய்ல்", அதாவது துருப்பிடித்த ஆணி, என்று கேட்பவர்கள்தான் கூட.

பெயரோ ஆங்கிலம் இல்லை, ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழி. முன்பாதி "ட்ராம்". இது கிரேக்க நாணயமான திராக்மாவில் தொடங்கி, மருந்துக் கடைக்காரரின் நிறையாகி, கடைசியில் ஒரு மிடறு மதுவாகிப்போன சொல். பின்பாதியில்தான் தகராறு. "பூயி" என்றால் மஞ்சள். "பூயாச்" என்றால் திருப்தி. கம்பனி பிடித்துக்கொண்டது இரண்டாவதை: "திருப்தி தரும் பானம்". ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. நன்றியுள்ள, நன்றி நிறைந்த. விளம்பரக்காரர் ஏனோ அதைக் கையில் எடுக்கவில்லை.

(விஸ்கி என்ற சொல்லே கேலிக்கில் "உயிர்த் தண்ணீர்" என்பதன் முன்பாதிதான். அதாவது வெறும் தண்ணி. எங்கட ஆட்கள் "தண்ணி அடிக்கிறது" எண்டு சொல்லுவதை இனி யாரும் கொச்சை என்று சொல்ல வேண்டாம்!)

நன்றி எங்கே வருகிறது? 1746 ஏப்ரல் 16ஆம் திகதி கலோடன் போரில் இளவரசர் சார்ல்ஸ் எட்வேர்ட் ஸ்டூவேர்ட்டின் படை ஒரு மணித்தியாலத்துக்குள் சிதறியது. ரோமில் பிறந்த 25 வயதுப் பிள்ளை, பாட்டனார் இழந்த முடியைக் கேட்டு வந்தவர். தலைக்கு 30,000 பவுண்ஸ் விலை. ஐந்து மாதம் மலையிலும் தீவிலும் ஒளித்துத் திரிந்தார். ஃபுளோரா மக்டொனால்ட் என்ற பெண் அவருக்கு வேலைக்காரி வேஷம் போட்டு, "பெட்டி பேர்க்" என்று பெயரும் வைத்து, வள்ளத்தில் ஸ்கை தீவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து மக்கினன் குலத்தவர் பெருநிலத்துக்குக் கடத்தினார்கள். அந்தக் காசுக்கு ஆசைப்பட்டு யாரும் அவரைப் பிடித்துக் கொடுக்கவில்லை. செப்டெம்பரில் பிரெஞ்சுக் கப்பல் ஏறினார்.

கையில் கொடுக்க ஒன்றுமில்லாததால், போகும்போது தன் சொந்த மதுவின் செய்முறையை மக்கினனுக்கு நன்றியாகக் கொடுத்தார் என்பதுதான் கதை. இதற்கு அந்தக் காலத்து எழுத்துச் சாட்சி எதுவும் கிடையாது. உறுதியாகத் தெரிவது, ஸ்கை தீவின் புரோட்ஃபோர்ட்டில் விடுதி நடத்திய ஜேம்ஸ் ரோஸ் 1893இல் இந்தப் பெயரைப் பதிவு செய்தார் என்பது. முதலில் பிராண்டியில் செய்து பிறகு விஸ்கிக்கு மாற்றினாராம். அவர் இளவயதில் இறந்தபின் மனைவி செய்முறையை விற்றார். வாங்கியவரும் ஒரு மக்கினன், ஆனால் வேறு குடும்பம். 2014இல் அதுவும் வில்லியம் கிராண்ட் கம்பனியின் கைக்குப் போனது.

எனக்குக் கதை பொய்யா மெய்யா என்பதைவிட வேறொன்றுதான் உறுத்துகிறது. ஃபுளோரா பிடிபட்டு லண்டனில் காவலில் இருந்து 1747இல்தான் வெளியே வந்தார். மக்கினன் குலத் தலைவர், வயதான மனிதர், டில்பரி கோட்டைக்குள் அடைக்கப்பட்டுப் பிறகுதான் விடுதலையானார். கொழும்பிலிருந்து கப்பலில் வந்த எங்கட பழைய ஆட்கள் காலடி வைத்த அதே டில்பரிதான். மலைநாட்டாரின் உடுப்பையே 1746இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1782 வரை அந்தத் தடை இருந்தது. அடைக்கலம் கொடுத்த சனத்துக்குக் கிடைத்த கூலி இது. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து அந்தச் சனத்தின் மொழியே போத்தலுக்கு அழகான பெயரானது. 2011 குடிசன மதிப்பீட்டில் ஸ்கொட்லாந்தில் கேலிக் பேசுவோர் ஏறத்தாழ 57,000 பேர். குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் விளங்கும்?

ஆனாலும் செய்முறையைக் கொடுத்துவிட்டுப் போவது என்ற அந்தப் பகுதியை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டு, நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் இடிபட்டுச் சாவகச்சேரி போய்ச் சேர்ந்தோம். முன்பின் தெரியாத ஒரு வீட்டில் விறாந்தை தந்தார்கள். மாதக்கணக்கில் இருந்தோம். வெளிக்கிடும்போது அம்மாவிடம் கொடுக்க ஒன்றுமில்லை. மிளகாயும் மல்லியும் எந்தப் பதத்தில் வறுத்துத் தூள் இடிப்பது என்று அந்த வீட்டு அக்காவுக்குச் செய்து காட்டிவிட்டு வந்தா.

போன வருஷம் அந்த அக்காவின் மகளோடு தொலைபேசியில் கதைத்தேன். இப்பவும் அதே பதத்தில்தான் வறுக்கிறார்களாம். வீட்டில் அதற்குப் பெயர் "அச்சுவேலித் தூள்".