லூயிஸ் – கிளாக் பயணத்தில் ஒரு நாய்

நாடு காணப் புறப்பட்டோரின் வரலாறுகளிலே தலைவர்களின் பெயர்களே பெரிதும் பொறிக்கப்படுகின்றன. சுமை சுமந்தோரும் வழி காட்டியோரும் உணவளித்தோரும் ஏட்டின் ஓரத்தில் ஒதுங்கி நிற்பர். அவர்களோடு நடந்த விலங்குகள் அவ்வோரத்திலும் இடம்பெறுவது அரிது. 1803 முதல் 1806 வரை வட அமெரிக்கக் கண்டத்தின் குறுக்கே நடைபெற்ற லூயிஸ் – கிளாக் பயணம் இதற்கு ஒரு புறநடையாகும். அப்பயணத்தினர் எழுதிவைத்த நாட்குறிப்புக்களில் ஒரு நாய் ஆங்காங்கே தலைகாட்டுகின்றது. ஓரிடத்தில் ஒரு வரி, மற்றோரிடத்தில் இரு வரி என்னும் அளவிலேயே அது பேசப்படுகின்றது. ஆயினும், அவ்வரிகளை ஒருங்கு திரட்டி நோக்குமிடத்து ஒரு விலங்கின் கதை மாத்திரமன்றி, அயலார் நிலத்தின் ஊடாகச் சென்றோர் அந்நிலத்துக்குரியோரை எங்ஙனம் மதித்தனர் என்பதும் தெளிவாகப் புலனாகும்.

பயணத்தின் தோற்றம்

1803ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாடுகள், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கேயுள்ள லூசியானா என்னும் பெருநிலப்பரப்பைப் பிரான்சிடமிருந்து 15 மில்லியன் டொலருக்கு வாங்கின. விற்றவன் நெப்போலியன், வாங்கியவர் சனாதிபதி தோமஸ் ஜெபர்சன். அந்நிலத்தில் வழிவழியாக வாழ்ந்துவந்த ஆதிக்குடிகளின் சம்மதத்தை விற்றவனும் கேட்டானல்லன், வாங்கியவரும் கேட்டாரல்லர். மிசூரி ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்று பசிபிக் சமுத்திரத்துக்கு ஒரு பாதை காண்பதற்கும், இடையிலுள்ள மக்கள், தாவரங்கள், விலங்குகள் ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதி வருவதற்கும் தம் அந்தரங்கச் செயலாளராக விளங்கிய கப்டன் மெரிவெதர் லூயிஸை ஜெபர்சன் நியமித்தார். லூயிஸ் தம் நண்பர் வில்லியம் கிளாக்கை இணைத்தலைவராகச் சேர்த்துக்கொண்டார்.

இப்பயணத்துக்கென லூயிஸ் தேடிக்கொண்டவற்றுள் நியூபவுண்லாந்து இனத்து நாயொன்றும் அடங்கும். அவ்வினம் உருவிற் பெரியது. அடர்ந்த மயிரினை உடையது. நீந்துவதில் மிக வல்லது. மீனவரும் கப்பலோட்டிகளும் விரும்பி வளர்ப்பது. இந்நாயின் பெயர் சீமன். மாலுமி என்பது அதன் பொருள். விலை 20 டொலர். கப்டன் ஒருவரின் மாதச் சம்பளம் அக்காலத்தில் 40 டொலராக இருந்தமையை நினைவிற் கொண்டால், லூயிஸ் அந்நாயைப் பெரிதும் மதித்தார் என்பது விளங்கும். 1803 நவம்பர் 16ஆம் நாள் ஷோனி குடியைச் சேர்ந்த ஒருவர் மூன்று பீவர்த் தோல்களைக் கொடுத்து நாயை வாங்க முன்வந்தார். லூயிஸ் அதனை விற்க மறுத்துவிட்டார். நாயின் அடக்கமும் பயணத்துக்கேற்ற பிற தகுதிகளும் அம்மறுப்புக்குக் காரணமாக அவருடைய குறிப்பிலே காட்டப்படுகின்றன.

நாயின் இயல்பு

காண்பன யாவற்றையும் அணுகி அறியும் ஆவல் அந்நாயின் இயற்கை. 1803 செப்டெம்பரில் ஒகையோ ஆற்றை நீந்திக் கடந்த அணில்களைக் கண்டு நீரிற் பாய்ந்து ஒவ்வொன்றாகக் கவ்விக் கொணர்ந்தது. அவற்றைப் பொரித்து உண்ட லூயிஸ், சுவை நன்று என எழுதினார். 1804 யூலை 5ஆம் நாள் பீவர் வாழும் மனையொன்றினுள் நுழைந்து உள்ளிருந்தவற்றைத் துரத்தியது. அதே ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள், ஆவிகள் உறைவதாகச் சூழவுள்ள குடிகள் அஞ்சிய ஒரு குன்றினைக் காணத் தலைவர்கள் வெயிலில் நடந்து சென்றனர். நாயும் உடன் சென்றது. ஆனால், வெப்பம் தாளாது களைத்தமையால் இடைவழியிலே ஓடைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. குளிர்நாட்டுக்கென அமைந்த உரோமம் கோடை வெயிலிற் சுமையாயிற்று.

1804 – 1805 மாரிகாலத்தைப் பயணத்தினர் மிசூரிக் கரையிலுள்ள மண்டான், ஹிடாற்சா மக்களின் கிராமங்களுக்கு அருகே கோட்டை அமைத்துக் கழித்தனர். அக்கிராமங்களிலும் சுற்றியுள்ள சமவெளிகளிலும் நாய் இன்றியமையாத விலங்காகும். குதிரை வருமுன்னர் அச்சமவெளி மக்களின் சுமைகளை இழுத்தது நாயே. விருந்தினரைச் சிறப்பிக்க வேண்டிய வேளையில் நாயிறைச்சியைப் படைத்தலும் சில குடிகளின் வழக்கம். 1804 செப்டெம்பரில் ரீற்றன் சூ மக்கள் லூயிஸுக்கும் கிளாக்குக்கும் அத்தகைய விருந்தொன்றை அளித்திருந்தனர். ஆகவே, ஒரே விலங்கு ஒருவருக்குத் தோழன், மற்றொருவருக்குச் சுமைதாங்கி, வேறொருவருக்கு மரியாதைக்குரிய உணவு. இவ்வேற்றுமை பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ளத் துணைசெய்யும்.

1805இல் மேற்கு நோக்கிய பயணம் தொடர்ந்தபோது நாய் பற்றிய குறிப்புக்களும் பெருகின. ஏப்ரில் 22ஆம் நாள் காட்டெருதுக் கன்றொன்று நாய்க்கு அஞ்சியோ என்னவோ லூயிஸின் காலடியை ஒட்டி நெடுந்தூரம் நடந்துவந்தது. ஏப்ரில் 24ஆம் நாள் இரவு நாயைக் காணவில்லை. அதனை முற்றாக இழந்துவிட்டதாக அஞ்சிய லூயிஸ், மறுநாட் காலை 8 மணிக்கு அது திரும்பியபோது பெருமகிழ்வெய்தினார். மே 19ஆம் நாள் காயமுற்ற பீவர் ஒன்றைப் பிடிக்க நீரிற் பாய்ந்த நாயின் பின்னங்காலை அது கடித்தது. நாடி அறுந்து குருதி பெருகியது. அதனை நிறுத்துவது பெரும்பாடாயிற்று. நாய் பிழையாதென்றே லூயிஸ் எண்ணினார். ஆனால், அது பிழைத்தது.

ஒன்பது நாள் கழித்து, மே 28ஆம் நாள் இரவு, காட்டெருது ஒன்று ஆற்றை நீந்திக் கரையேறி, உறங்கிக் கிடந்தோரின் தலைகளுக்குச் சில அங்குல தூரத்திலே பாய்ந்து வந்தது. தலைவர்களின் கூடாரத்தை நோக்கி அது விரைந்தபோது நாய் எதிர்த்துக் குரைக்கவே எருது திசைமாறி இருளில் மறைந்தது. மிசூரியின் பெருநீர்வீழ்ச்சிக்கு அருகே தங்கிய நாள்களில் கரடிகள் இரவுதோறும் பாசறையைச் சூழ்ந்தன. நாய் விடியும்வரை சுற்றிக் காவல் செய்தது. யூலை 26ஆம் நாள் முட்போன்ற புல்விதைகள் தோலைத் துளைத்தமையால் நாய் ஓயாது தன்னைக் கடித்தும் பிறாண்டியும் வருந்தியதை லூயிஸ் மிக்க இரக்கத்துடன் எழுதுகிறார்.

இவ்விரக்கத்தின் எல்லையும் அதே நாட்குறிப்பிலே தென்படுகின்றது. ஓகஸ்ட் 17ஆம் நாள் ஷோஷோனி மக்களைச் சந்தித்தபோது அவர்கள் எவற்றைக் கண்டு வியந்தனர் என்று லூயிஸ் வரிசைப்படுத்துகிறார். ஆயுதங்கள், வள்ளங்கள் ஆகியவற்றின் பின் கிளாக்கின் கறுப்பின அடிமையான யோர்க்கும், நாயின் கூர்மதியும் ஒரே வாக்கியத்தில் இடம்பெறுகின்றன. பயணம் முடிந்தபின் ஏனைய வீரர்கள் இரட்டைச் சம்பளமும் நிலமும் பெற்றனர். அவர்களைப் போன்றே உழைத்த யோர்க்குக்குச் சம்பளமுமில்லை, நிலமுமில்லை. விடுதலையும் உடன் கிடைக்கவில்லை.

உணவும் நட்பும்

1805 செப்டெம்பரில் பிற்றரூற் மலைகளைக் கடந்த பயணத்தினர் பட்டினியால் மெலிந்து மறுபுறம் இறங்கினர். நெஸ் பேர்ஸ் மக்கள் மீனும் கிழங்கும் அளித்து அவர்களைக் காப்பாற்றினர். அவர்கள் விட்டுச்சென்ற குதிரைகளையும் பேணினர். அதன்பின் கொலம்பியா ஆற்று வழியே சென்றபோது பயணத்தினர் கிராமங்களில் நாய்களை விலைக்கு வாங்கி உண்ணத் தொடங்கினர். கிளாக் ஒருவரே அவ்விறைச்சியை விரும்பாதவர். லூயிஸோ 1806 ஜனவரி 3ஆம் நாள், தமக்கு நாயிறைச்சி மிகப் பிடித்துவிட்டதென்றும், மெலிந்த மானிறைச்சியினும் அதுவே மேலென்றும் எழுதினார். பல கிராமங்களின் நாய்கள் இவ்வாறு உணவாயின. சீமனை உண்ணும் எண்ணம் எவருக்கேனும் எழுந்ததாக எங்கும் குறிப்பில்லை.

இம்முரண்பாட்டைப் பிறர் கவனியாது விட்டாரல்லர். நெஸ் பேர்ஸ் மக்கள் நாயை உண்ணும் வழக்கம் இல்லாதவர்கள். 1806 மே 5ஆம் நாள் லூயிஸ் நாயிறைச்சி உண்டுகொண்டிருந்தவேளை, அக்குடியினர் ஒருவர் மெலிந்த நாய்க்குட்டி ஒன்றை அவருடைய உணவுத் தட்டருகே எறிந்து நகைத்தார். சினங்கொண்ட லூயிஸ் அக்குட்டியைப் பற்றி எறிந்தவர்மீதே வேகமாக வீசினார். கைக்கோடரியைத் தூக்கி, மீண்டும் இவ்வாறு செய்தால் வெட்டுவதாகச் சைகை காட்டினார். தம் நாயின் நோவுக்கு நெஞ்சுருகிய ஒருவர், பிறர் முற்றத்துக் குட்டியைக் கல்லைப்போல் எறிந்தார் என்பது சிந்தித்தற்குரியது.

இரு களவுகள்

1805 – 1806 மாரிகாலத்தைப் பயணத்தினர் பசிபிக் கரையருகே கிளற்சொப் மக்களின் நாட்டிலே கழித்தனர். அங்கே வேட்டையாடப்பட்ட எல்க் மான்கள் சிலவற்றைக் கிளற்சொப் மக்கள் எடுத்துக்கொண்டனர். அதற்கு ஈடாக அக்குடியினர் ஒருவர் 1806 பெப்ரவரி 12ஆம் நாள் மூன்று நாய்களைக் கொண்டுவந்தார், அந்நாய்கள் வெருண்டோடிவிட்டன. மார்ச்சு மாதத்தில் ஊர் திரும்ப வள்ளம் தேவைப்பட்டது. பண்டமாற்றுக்கான பொருள்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. எல்க் மான்களுக்கு ஈடாக ஒரு வள்ளத்தை எடுத்துக்கொள்வதென லூயிஸ் தீர்மானித்தார். மார்ச்சு 18ஆம் நாள் அவருடைய ஆட்கள் கிளற்சொப் மக்களின் வள்ளமொன்றைக் களவாகக் கொண்டுவந்து மறைத்து வைத்தனர். நான்கு நாள் கழித்து அக்குடியின் தலைவரைப் பற்றி எழுதுகையில், அயலவருள் மிகுந்த அன்பும் விருந்தோம்பலும் உடையவர் அவரே என்று லூயிஸ் புகழ்ந்தார்.

இது நிகழ்ந்து ஒரு மாதமும் கழியவில்லை. ஏப்ரில் 11ஆம் நாள் கொலம்பியா ஆற்றின் விரைநீரோட்டங்களுக்கு அருகே வாக்லெல்லா குடியைச் சேர்ந்த மூவர் சீமனைக் கொண்டுபோயினர். அச்செய்தியைத் தெரிவித்தவரும் அந்நாட்டு ஆதிக்குடியினர் ஒருவரே. லூயிஸ் உடனே மூவரை அனுப்பி, சிறிதேனும் எதிர்ப்புக் காட்டினாற் சுடும்படி கட்டளையிட்டார். துரத்தப்படுவதை அறிந்தோர் நாயை விட்டு ஓடிவிட்டமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. வள்ளம் கடற்கரை மக்களின் வாழ்வுக்கே ஆதாரமான பெரும்பொருள். அது களவுபோனபோது ஈடு எனப்பட்டது; நாய் களவுபோனபோது துப்பாக்கி நீட்டப்பட்டது. ஒரே மாதத்தின் ஏடுகளிலே இவ்விரு நீதிகளும் அருகருகே கிடக்கின்றன.

லூயிஸின் நெருக்கடியையும் ஈண்டு மறத்தல் ஆகாது. சிறுதொகையான ஆட்களுடன், உதவி எட்டாத தொலைவிலே, பசியும் நோயும் வாட்ட நின்றவர் அவர். எனினும் நெருக்கடி ஒரு செயலுக்குக் காரணமாகலாமேயன்றி நியாயமாகாது.

பெயரும் முடிவும்

1806 யூலை 15ஆம் நாள் நுளம்புகளின் தொல்லையால் நாயும் ஊளையிடுகிறதென லூயிஸ் எழுதினார். நாட்குறிப்புக்களில் நாய் பற்றிய இறுதிச் செய்தி இதுவே. செப்டெம்பர் 23ஆம் நாள் பயணத்தினர் செயின்ட் லூயி நகரை மீண்டும் அடைந்தனர். 1809 ஒக்டோபர் 11ஆம் நாள் ரெனசி மாநிலத்திலே லூயிஸ் உயிர்துறந்தார்.

நாயின் பெயரும் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. 1916இல் வெளிவந்த சார்ஜன்ற் ஓர்ட்வேயின் நாட்குறிப்புப் பதிப்பைப் பின்பற்றி அறிஞர் அதனைச் ‘ஸ்கனன்’ என வழங்கினர். கையெழுத்திலே ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து ‘சீ’ போலவும், ஓர் ‘எம்’ இரண்டு ‘என்’ போலவும் தோன்றியமையே இப்பிழைக்குக் காரணம். 1980களில் வரலாற்றாசிரியர் டொனால்ட் ஜக்சன், மொன்ரானாப் பகுதியிலுள்ள ஓர் ஓடைக்குப் பயணத்தினர் 1806 யூலையில் இட்ட பெயரை ஆராய்ந்தார். அது சீமனின் ஓடை எனப் பொருள்படக் கண்டு உண்மைப் பெயரை நிலைநாட்டினார். ஏறத்தாழ 70 ஆண்டுகள் நூலுக்கு நூல் பெயர்த்தெழுதப்பட்ட பிழை, மூல ஏட்டை மீளநோக்கிய ஒருவரால் நீங்கியது.

திமோதி ஓல்டன் என்பார் 1814இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பொன்றும் இம்முடிவுக்கு அரண் செய்கின்றது. வேர்ஜீனியாவின் அலெக்சாந்திரியா நகர நூதனசாலையில் இருந்த நாய்க் கழுத்துப்பட்டியின் வாசகத்தை அந்நூல் தருகின்றது. அவ்வாசகம் நாயின் கூற்றாக அமைந்து, தன் இனத்தில் மிகத் தொலைவு பயணஞ்செய்தது தானே என்றும், தன் பெயர் சீமன் என்றும் கூறுகின்றது. லூயிஸின் புதைகுழியை விட்டு நீங்காது, உணவு மறுத்து நாயும் மடிந்ததென ஓல்டன் மேலும் எழுதுகிறார். கழுத்துப்பட்டி நாய் உயிருடன் திரும்பியதற்குத் தக்க சான்று; புதைகுழிக் கதையோ ஒருவர் வாய்மொழியை மாத்திரம் சார்ந்தது. உள்ளத்தைத் தொடும் செய்தி என்பதனால் ஒரு செய்தி உண்மையாகிவிடாது.

2011ஆம் ஆண்டிலே கிளாக்கின் வழித்தோன்றல்கள், 1806இல் களவாடப்பட்ட வள்ளத்துக்கு ஈடாகப் புதிய வள்ளம் ஒன்றைச் சினூக் மக்களிடம் கையளித்தனர். இருநூறு ஆண்டுகள் கழிந்தும் அக்கடன் மறக்கப்படவில்லை. கடன்பட்டோரே அதனைத் தம் கையால் எழுதிவைத்திருந்தமை அதற்குப் பெருந்துணையாயிற்று. தம் நாயின் நோவையும் தம் சினத்தையும் தம் களவையும் ஒருங்கே எழுதிய அவ்வேடுகளுக்கு வரலாறு நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளது. ஒரு நாயின் அடிச்சுவட்டைப் பின்பற்றிச் செல்வோர், மலைகளையும் ஆறுகளையும் கடந்து, ஈற்றில் மனிதரின் நீதியுணர்வு எத்துணைக் குறுகிய எல்லையுடையது என்னும் இடத்தையே அடைகின்றனர். அவ்வெல்லையை விரித்தலே கல்வியின் பயன்.