எட்வர்ட் ரோஜாவும் முத்துசாமியும்

நம் கள்ளக்குறிச்சிப் பூக்கடைகளில் பன்னீர் ரோஜா என்று கேட்டால், இளஞ்சிவப்பான, இதழ் நெருங்கிய, மணமுள்ள பூவைத்தான் எடுத்துத் தருவார்கள். மாலைக்கு அதுதான், குல்கந்துக்கும் அதுதான். தோட்டக்கலைத் துறையினர் இதை எட்வர்ட் ரோஜா என்று எழுதுவார்கள். இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் பெயர் போலும் என்று எண்ணத் தோன்றும். அது உண்மையில் ஒரு பிரெஞ்சுப் பெயர். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியின் உச்சரிப்பில் சொன்னால், ‘எதுவார்’.

இந்துமகா சமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவுக்கு அன்று பூர்போன் என்று பெயர். அங்கே தோட்டக்காரர்கள் சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் வேலியாக வளர்த்தார்கள். இரண்டும் தாமாகவே கலந்து புதிய செடி ஒன்று முளைத்தது. சீன ரோஜாவைப் போல் அடிக்கடி பூத்தது. டமாஸ்க் ரோஜாவைப் போல் மணத்தது. உள்ளூரில் அதை ‘ரோஸ் எதுவார்’ என்றார்கள். 1817-ல் தீவுக்கு வந்த தாவரவியல் அறிஞர் பிரெயோன் அதன் விதைகளைப் பிரான்சுக்கு அனுப்பினார். அங்கிருந்து பூர்போன் ரோஜா என்ற வகையே பெருகியது.

அந்தப் பூ பிறந்த மண்ணுக்கு நம்மவர்களும் போனார்கள். 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். 1860-ல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிரிட்டிஷ் பகுதிகளிலிருந்தும் ஆள் எடுக்க முடிந்தது. அன்று கள்ளக்குறிச்சியும் பிரிட்டிஷாரின் தென்னார்க்காட்டில்தான் இருந்தது. துன்பக் கதைகள் பெருகவே 1882-ல் அதை நிறுத்தினார்கள். கச்சிராயபாளையம் ஆலைக்குக் கரும்பு வெட்டும் நம் கல்வராயன் மலையடிவாரத்துக்காரர்களுக்கு அந்த வேலையின் பாரத்தை விளக்க வேண்டியதில்லை.

அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தீமிதிக்கிறார்கள். தென்னார்க்காட்டுக் கிராமங்களில் நாம் கும்பிடும் திரௌபதி அம்மன் அங்கேயும் இருக்கிறாள்.

பதிவேடுகளோடு காலம் கழித்த குமாஸ்தாவான எனக்கு ஒன்று உறுத்துகிறது. எதுவார் இங்கே எட்வர்ட் ஆனது போல, முத்துசாமி அங்கே ‘மூத்தூஸாமி’ ஆனார், ராமசாமி ‘ராமாஸாமி’ ஆனார். பிரெஞ்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதுவே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. பூவின் பெயர் மாறியதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால், தங்கள் தாத்தாவின் ஊரைத் தேடி அங்கிருந்து வருகிறவர்களுக்கு ஓர் எழுத்து மாறினாலும் தேடல் கடினமாகிவிடுகிறது.

அப்படி யாராவது நம் பக்கம் வந்து விசாரித்தால், எழுத்தைப் பார்க்காதீர்கள். பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.