செவிக்குழாயின் வளர்ச்சி

செவிக்குழாய் அல்லது புறச்செவிக் குழாய் என்பது காதுமடலின் துளையிலிருந்து செவிப்பறை வரை செல்லும் குழாய் ஆகும். வளர்ந்தவர்களில் இது ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமும் 7 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. இலேசாக இருமுறை வளைந்திருக்கும். இதன் வெளிப்புற மூன்றிலொரு பங்கு குருத்தெலும்பாலும், எஞ்சிய உட்பகுதி எலும்பாலும் ஆனவை. பாடநூல் படங்கள் பெரும்பாலும் இவ்வடிவத்தை மட்டுமே காட்டுகின்றன. உண்மையில் இக்குழாய் வாழ்நாள் முழுவதும் மாறிவருகிறது.

குழந்தைப் பருவம்

பிறந்த குழந்தையின் செவிக்குழாயில் எலும்புப் பகுதி ஏறக்குறைய இல்லை. மேற்புறம் திறந்த எலும்பு வளையம் ஒன்றே உண்டு. அதில் செவிப்பறை கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் படுத்திருக்கும். இவ்வளையம் வெளிநோக்கி வளர்ந்தே எலும்புக் குழாய் உருவாகிறது. சுமார் 9 வயதில் குழாய் முதிர்ந்த அளவை அடைகிறது. இதனாலேயே காதில் மருந்து விடும்போது, 3 வயதுக்குட்பட்டோருக்குக் காதுமடலைக் கீழ்ப்புறமாகப் பின்னோக்கியும், மற்றவர்களுக்கு மேற்புறமாகப் பின்னோக்கியும் இழுக்க வேண்டும்.

செவிக்குழாய் ஒருமுனை மூடிய குழாயாகையால், அதன் நீளத்தைப் போல் சுமார் நான்கு மடங்கு அலைநீளமுள்ள ஒலியுடன் ஒத்ததிர்கிறது. வளர்ந்தவர்களில் இந்த அதிர்வெண் ஏறத்தாழ 2700 ஹெர்ட்ஸ். பச்சிளங்குழந்தையில் இது ஏறக்குறைய இருமடங்காகும்.

குழாயின் கொள்ளளவு குறையக் குறைய ஒலியழுத்தம் கூடும். எனவே ஒரே செவித்துணைக் கருவி பெரியவரின் காதில் தருவதைவிடக் குழந்தையின் காதில் உரத்த ஒலியைத் தரும். பெரியவர்களின் சராசரி அளவுகளைக் கொண்டு கருவியை அமைத்தால், எஞ்சியுள்ள கேட்கும் திறனுக்கே ஊறு நேரலாம். காதின் அச்செடுத்து வார்க்கும் செருகியையும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; மாற்றாவிடில் ஒலி கசிந்து கருவி கீச்சிடும்.

நடுச்செவிச் சோதனையிலும் இச்சிக்கல் உண்டு. 6 மாதங்களுக்குட்பட்ட குழந்தைக்கு வழக்கமான 226 ஹெர்ட்ஸ் ஒலியைப் பயன்படுத்தினால், செவிப்பறைக்குப் பின்னே நீர் தேங்கியிருந்தும் முடிவு இயல்பானதாகத் தோன்றலாம். ஆகையால் 1000 ஹெர்ட்ஸ் ஒலி பயன்படுத்தப்படுகிறது.

முதுமை

வயதாகும்போது குருத்தெலும்பு தளர்கிறது. கேட்டல் சோதனையில் காதின்மேல் அழுத்தும் காதொலிப்பான்களை அணிவித்தால் சிலருக்குக் குழாயின் வாயில் ஒடுங்கிவிடும். இல்லாத செவிட்டுத்தன்மை, குறிப்பாக உயர் அதிர்வெண்களில், இருப்பதாகப் பதிவாகும். குழாய்க்குள் செருகும் வகையைப் பயன்படுத்தினால் இப்பிழை நேராது. சுரப்பிகள் குன்றுவதால் குறும்பியும் உலர்ந்து எளிதில் அடைத்துக்கொள்ளும்.

குளிர்ந்த நீரில் பல்லாண்டுகள் நீந்துவோருக்கு, வயது வேறுபாடின்றி, எலும்புச் சுவரில் முண்டுகள் வளர்ந்து குழாய் குறுகுவதும் உண்டு. நியண்டர்தால் மனிதரின் மண்டையோடுகள் சிலவற்றிலும் இத்தகைய முண்டுகள் காணப்பட்டுள்ளன.