கம்பெனிக்கு முன்னாலேயே பெட்டி மாட்டியவர்கள்

1975-ல் விற்பனைக்கு வந்தது ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல்1000. 999 சிசி, தண்ணீரில் குளிரும் எஞ்சின், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். நெடுந்தூரம் போக இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பாருங்கள், துணிமணி வைக்க ஒரு பெட்டி கிடையாது! காற்றைத் தடுக்க முன்கவசமும் இல்லை.

அமெரிக்கர்கள் சும்மா இருப்பார்களா? கிரேக் வெட்டரின் விண்ட்ஜாமர் கவசம், பக்கப் பெட்டிகள் என்று வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே போல்ட் போட்டு முடுக்கினார்கள். அது லேசான வேலை இல்லை. இண்டிகேட்டர் மறையக்கூடாது. சைலன்சரை ஒட்டினால் பிளாஸ்டிக் உருகும். எடை பின் அச்சைத் தாண்டிப் போனால் வேகத்தில் வண்டியே ஆட ஆரம்பிக்கும், உயிர் விஷயம்!

1980-ல் ஹோண்டாவே ஜிஎல்1100 இன்டர்ஸ்டேட்டைக் கவசம், பெட்டிகளோடு விற்றது. என்னைக் கேட்டால் பாதிப் பாராட்டு அந்த ஷெட்டுகளுக்குத்தான். வெட்டரோ 1978-லேயே தன் கம்பெனியை விற்றுவிட்டார். கெட்டிக்காரர்!